விபூதிப் புதனில் வந்த கோழிக்கறி

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, போன வருடம், பக்கத்து லயத்து வீட்டு அக்கா, தோட்டத்து முனியாண்டி கோயில் பூசையில் வெட்டிய கோழிக்கறியில் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். மகளுக்கு இரத்தம் போதாது, இறைச்சி கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி மூன்று மாதமாகியும் எங்கள் வீட்டில் ஓர் எலும்புகூட வேகவில்லை.

"இன்னைக்கு சுத்தபோசனம் அக்கா, கவிச்சி தொடமாட்டோம். நாளைக்கு இவளுக்குக் குடுக்கிறேன்," என்று மூடிவைத்தேன். மகள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தபோது கறி ஊசிப்போயிருந்தது. வாசல் சாக்கடைக் கானில் கொட்டினேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து சாமியாரிடம் சொன்னேன்.

"சின்னப்புள்ளைக்கும் நோயாளிக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லையேம்மா," என்றார்.

இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டேன். இதை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

வரும் வழியில் மகள் கேட்டாள்: "முனியாண்டிக்கு அடுத்த பூசை எப்பம்மா?"

"அடுத்த வருசந்தான்," என்றேன்.