வலது கால் முன்னால்

கூடத்திலிருந்து சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. சர்ரென்று ஓர் ஓட்டம், உடனே சுவரில் டொக்கென்று ஒரு மோதல்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். தன் சக்கரப் பலகைமேல் மாமியார்தான் ஏறிவிட்டாள் என்று நினைத்தாள். எழுபதைத் தாண்டிய மனுஷி, "எனக்கும் ஒரு தடவை ஏறிப் பாக்கணும்டி" என்று கொஞ்ச நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! இடுப்பு ஒடிஞ்சா நான் பொறுப்பில்ல!" என்று கூவிக்கொண்டே கத்தியும் கையுமாக ஓடிவந்தாள்.

மாமியார் சோபாவை விட்டு அசையவே இல்லை. டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, பேயைக் கண்டவள்போல உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் நடுவில், புத்தம்புதுப் பலகை ஒன்றின்மேல் கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தான் இவள் புருஷன்.

வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷமாயிற்று. ஒரு போன் கிடையாது. கதவைக்கூடத் தட்டாமல் பழைய சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்திருக்கிறான்.

"என்ன, புருஷனுக்குக் கத்தியோட வரவேற்பா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குத்தான் ஒரு காலத்தில் மயங்கினாள். கடற்கரையில் அவனை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அலைமேல் பலகையில் நின்று சறுக்கக் கற்றுக்கொடுப்பவன். இவளோ பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் நீராவி இஸ்திரி போடுகிறவள். காலையிலிருந்து மாலைவரை இடது காலில் பாரத்தைப் போட்டு நின்று, வலது காலை முன்னால் நீட்டிப் பெடலை மிதித்து, படுக்கை விரிப்புகளை அப்பளமாகத் தேய்ப்பாள். வேலை இடத்தில் அவளுக்குப் பெயரே "இஸ்திரி அக்கா"தான்.

கல்யாணமான புதிதில் அவளையும் கடலுக்குக் கூட்டிப்போனான். "இடது கால் முன்னால, வலது கால் பின்னால. என்னைப் பாத்து நில்லு" என்றான். அவனைப் பார்த்துத்தான் நின்றாள். அலை நேராகப் போகும்வரை சரி. திரும்பவேண்டிய இடம் வந்ததும் தொபீரென்று விழுவாள். வருஷக்கணக்கில் விழுந்தாள். கடைசியில் ஒருநாள், மாணவர்கள் அத்தனை பேரும் பார்க்க, "உன் உடம்பு கடலுக்கு லாயக்கில்ல. துணி தேய்க்கத்தான் லாயக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே வேறொரு கரையில் சறுக்குப் பள்ளி தொடங்கப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கினான். அம்மாவையும் மனைவியையும் பழைய சட்டைகளோடு சேர்த்து விட்டுவிட்டுப் போனான்.

தலையணை நனைய அழுது தீர்த்தாள். பிறகு விடுமுறை நாளில் தனியாகவே பஸ் ஏறிக் கடலுக்குப் போனாள். அப்போதும் அதே தொபீர்தான்.

"தினமும் கடலுக்கு வரமுடியலேன்னா சர்ஃப் ஸ்கேட் வாங்குங்கக்கா. தரையிலேயே திரும்பப் பழகலாம்" என்று கூட நீந்திய பெண் ஒருத்தி சொன்னாள். சக்கரம் வைத்த பலகைதான். ஆனால் முன் அச்சு கழுத்துபோல் இரண்டு பக்கமும் வளையும். தரையில் கால் ஊன்றித் தள்ளவேண்டாம். தோளையும் இடுப்பையும் திருப்பினால் அதுவே ஓடும், அலைமேல் ஓடுகிறமாதிரியே.

கடைக்குப் போனாள். "பையனுக்கா மேடம்?" என்றாள் கடைக்காரப் பெண்.

"எனக்கு."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாலும் நல்ல வழிதான் சொன்னாள். "படத்தையும் கலரையும் பாத்து ஏமாறாதீங்க. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாருங்க. உங்க ரெண்டு கால் நிக்கற அகலத்துக்கு அது ஒத்துவரணும். வீட்டுல போய், கடல்ல நிக்கறமாதிரி நின்னு அளந்துட்டு வாங்க."

வீட்டில் டேப்பும் சாக்பீஸுமாக மாமியார் குனிந்தாள். இவள் இடது காலை முன்வைத்து நின்றாள்.

"என்னடி இது, நிக்கறியா, விழறதுக்கு இடம் பாக்கறியா?" என்றாள் மாமியார். சாக்பீஸ் கைநழுவி உருண்டது. அதைப் பிடிக்கப் போகும் அவசரத்தில் மருமகளை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். தடுமாறியவளின் வலது கால் தானாக முன்னால் பாய்ந்து ஊன்றிக்கொண்டது. அசையாமல் நின்றாள்.

இருவரும் அந்தக் காலையே பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் இன்னொரு தள்ளு தள்ளினாள். மறுபடியும் வலது கால்.

"அடிப்பாவி, இதுதான்டி உன் காலு! எவன்டி மாத்தி வெச்சான்?"

எவன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மகனைப் பெற்ற வயிறு அதற்குமேல் பேசவில்லை. வலது கால் முன்னாலிருக்க மறுபடி அளந்தாள்.

கடையில் அந்த அளவுக்கு இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று முன்பக்கம் இறுக்கமானது. "பயந்தவங்களுக்கு இது நல்லது, ஆடாது" என்றாள் கடைக்காரப் பெண். இன்னொன்று தொட்டாலே வளைந்தது.

"விழக்கூடாதுன்னா நான் வீட்டுல உக்காந்திருப்பேனே. எனக்குத் திரும்பணும்" என்று வளைகிறதை எடுத்தாள்.

குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் விடியற்காலையில் பழகினாள். "பிரேக் எங்கம்மா?" என்று வாட்ச்மேன் கேட்டால், "என் முட்டியிலதான்!" என்று சிராய்ப்பைக் காட்டுவாள். போன மாதம் கடலில் ஓர் அலையின் மடியில் முழுசாகத் திரும்பினாள். கரையிலிருந்த யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

அந்த வீடியோதான் இவனை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

"பாத்தேன். பரவால்ல, திரும்பற" என்றான் புருஷன். "என் பள்ளியில பொம்பளைங்க நிறைய வர்றாங்க. சொல்லிக்குடுக்க ஒரு பொம்பள வேணும். ஆனா கால மாத்தி நிக்கறியே, என் மானம் போகுது. மாஸ்டர் பொண்டாட்டி மாஸ்டர் மாதிரி நிக்க வேணாமா? அதான் இத வாங்கினேன். ஏறு."

அவள் கத்தியை டீப்பாய்மேல் வைத்தாள். புதுப் பலகையில் ஏறினாள், வலது கால் முன்னால். அவன் உயரத்துக்கும் அவன் அகலத்துக்கும் அளவெடுத்ததுபோன்ற நீளமான பலகை. அவள் கால்கள் இரண்டு அச்சுக்கும் எட்டாமல் நடுவிலேயே நின்றன. தோளைத் திருப்பினாள். பலகை மரக்கட்டையாய்க் கிடந்தது.

"கால மாத்து. அகட்டி வை."

"மாட்டேன்."

"என்னது?"

"இது உங்க கால் அளவுங்க. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் என் கால் எதுன்னு உங்களுக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் தோணல." இறங்கி, பலகையைக் காலால் அவன் பக்கம் உருட்டிவிட்டாள்.

அவன் முகம் சுண்டியது. சட்டென்று சோபா பக்கம் திரும்பினான். "அம்மா, நீ கிளம்பு. கடலுக்குப் பக்கத்துலயே வீடு பாத்திருக்கேன். இவ வந்தா வரட்டும், இல்லேன்னா இங்கயே தனியா உருண்டுட்டுக் கிடக்கட்டும்."

இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கிற ஒரே ஜீவன் அத்தைதான். ஆனால் அத்தை அவனைப் பெற்றவள். பெற்ற பிள்ளை கூப்பிட்டால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்?

மாமியார் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம். துணிகளை எடுக்கிற சத்தம். பையின் ஜிப் இழுபடுகிற சத்தம்.

"பாத்தியா? இப்ப சொல்லு. கால மாத்தறியா?" என்றான் அவன்.

ஒரு வார்த்தை. சரி என்ற ஒரே வார்த்தை சொன்னால் அத்தை மிஞ்சுவாள்.

"மாத்த மாட்டேன்."

"அழறியா?"

"வெங்காயம் நறுக்கினேன்."

மாமியார் பையோடு வந்தாள். மருமகளைத் தாண்டி, மகனைத் தாண்டி, நேராக வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். பையை வெளியே வைத்தாள்.

"உன் சட்டைடா எல்லாம். நீ போன பிறகும் பூச்சி அரிக்காம இவ தேய்ச்சு மடிச்சு வெச்சிருந்தா. எடுத்துட்டுக் கிளம்பு. சாவியக் குடு."

"அம்மா! நான் உன் புள்ளம்மா!"

"அதனாலதான் இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். சாவி."

அம்மா நீட்டிய உள்ளங்கையை அவன் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். சாவியைப் போட்டுவிட்டுப் பலகையை அக்குளில் இடுக்கினான். வாசற்படியில் நின்று திரும்பினான். "மறுபடியும் விழுவ. பாத்துக்கிட்டே இரு."

"விழுவேன்" என்றாள் அவள். "வலது கால முன்னால வெச்சே விழுவேன். நீங்க பாக்க வேண்டாம், போங்க."

மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.