ஒரு நிமிஷ வீடு

எங்கள் டீச்சர் திங்கட்கிழமை மலையேறி வரும்போது கைப்பையில் வள்ளியூரைக் கொண்டுவருவார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீடுகள் இருந்த பக்கம் அப்போது செல்போனுக்கு டவர் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அம்பாசமுத்திரம் இறங்குவார். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தன் தோழி அனுப்பியதையெல்லாம் போனில் வாங்கி வைத்துக்கொண்டு, மறு வாரம் மேலே வந்து எங்களுக்குக் காட்டுவார். அந்த ஊர் ஐந்தாம் வகுப்பும் எங்கள் ஐந்தாம் வகுப்பும் சிநேகிதம். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் நாங்கள் அதே நினைப்பாக இருப்போம்.

ஜன்னலைச் சாக்கால் மூடிவிட்டு, டிபன் டப்பா அளவு இருந்த புரொஜெக்டரை மேஜைமேல் வைத்தால் சுவரில் வள்ளியூர் தெரியும். டீச்சருக்கு ஒரே ஒரு பிடிவாதம். போனைப் பிள்ளைகள்தான் பிடிக்க வேண்டும், பிள்ளைகள்தான் பேச வேண்டும். “ஆடினாலும் பரவால்ல, நான் தொடமாட்டேன், நீங்களே எடுங்க” என்பார். கூடவும் வரமாட்டார். அவர் வந்து நின்றால் எங்களுக்கு வாய் திறக்காது என்று அவருக்குத் தெரியும்.

அந்தத் தடவை பாடம், ‘என் வீடு’. ஆளுக்கு ஒரு நிமிஷம். வள்ளியூர்ப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். ஒரு பையன் தன் வீட்டுக் கூடத்தைக் காட்டினான். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சித்திரையிலும் கம்பளி போர்த்தித் தூங்குகிற எங்களுக்கு விசிறி எதற்கு? ஆனாலும் எனக்கு அது வேண்டும்போல இருந்தது. எங்கள் வீடு லைனில் நாலாவது. ஒரு அறை, ஒரு அடுப்படி, புகை பிடித்த தகரக் கூரை. மழைக்காலத்தில் வாசற்படியில் அட்டை நெளியும். அதையா சுவரில் போட்டு வள்ளியூர் முழுக்கப் பார்ப்பது?

அம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. என் முறை புதன்கிழமை சாயங்காலம் என்று சொன்னதும் வேலை தொடங்கிவிட்டாள். தரையைக் கழுவினாள். தகரப் பெட்டிமேல் பூப்போட்ட துணி விரித்தாள். பைபிள் வசனம் எழுதிய காலண்டரை அடுப்படியிலிருந்து எடுத்து முன்னறையில் மாட்டினாள். புதனன்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, கொழுந்து நிறுவையை முதல் ஆளாக முடித்துக்கொண்டு ஓடிவந்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு இஞ்சி டீ போட்டாளாம். டீச்சரும் வருவார் என்று நினைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை பிற்பாடு சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் வீட்டுக்கே போகவில்லை.

போனை வாங்கிய கையோடு மேலே ஏறினேன். இரண்டு வளைவு தாண்டினால் மேனேஜர் பங்களா. வெள்ளை கேட், சரிவு ஓடு, வாசல் முழுக்க ரோஜாச் செடி. கேட் கம்பிக்கு ஊடே போனை நீட்டி, “இதுதான் எங்க வீடு. இது எங்க ரோஜா” என்று ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியதில் படம் ஆடியது. கடைசி நேரத்தில் பின்னாலிருந்து அம்மாவின் சத்தம். “ஏட்டி, டீ ஆறுது, பைய வா.” பதறிப்போய் போனை அணைத்தேன். திரும்பினால் பாதையில் பனிதான் இருந்தது, ஆள் இல்லை. லைனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. டீச்சர் சுவரில் போட்டார். விசிறி வீட்டுப் பையன்தான் கேட்டான். “உங்கள்ல நாலு பேரு ஒரே வீட்டக் காட்டுதீங்களே, நீங்கள்லாம் சொந்தக்காரங்களா?”

அப்போதுதான் தெரிந்தது, இந்த யோசனை எனக்கு மட்டும் வந்ததில்லை என்று. பதினொரு பேரில் நாலு பேர் பங்களா வாசலில் குடியேறியிருக்கிறோம். டீச்சர் எங்கள் நாலு பேரையும் பார்த்தார். பதில் சொல்லுங்கள் என்று போனை நீட்டினார். ஒருத்தன் கூசாமல் “ஆமா” என்றான். பையன் இன்னொன்றும் கேட்டிருந்தான். “ஒரு வீடியோல கடைசில டீ குடிக்கக் கூப்பிட்டது யாரு? அவங்கள ஏன் காட்டல?”

போன் என் கைக்கு வந்தது. “அது எங்க வீட்டு வேலைக்காரம்மா” என்றேன்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் என் அம்மாவின் குரல் தெரியும்.

அன்று ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்டாள். “வள்ளியூர்ப் பிள்ளைய என்னட்டி சொல்லுதுவ? நம்ம வீடு புடிச்சிருக்காமா?”

“ரொம்பப் புடிச்சிருக்காம்.”

“அப்பஞ் சரி” என்று இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். தப்பித்தோம் என்று தின்றேன்.

இப்போது நாங்கள் மலையில் இல்லை. தோட்டத்தை மூடிவிட்டார்கள், எல்லாரும் இறங்கியாயிற்று. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறது, அம்மாவுக்கு அதன் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. எங்கள் லைன் வீட்டை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று கிடக்கிறது எனக்கு. அந்தத் துணி விரித்த பெட்டியையும், காலண்டரையும், அட்டை நெளிந்த படியையும்கூட. ஒரு போட்டோ கிடையாது. போன மாதம் டீச்சரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். பழைய மெமரி கார்டிலிருந்து அந்த ஒரு நிமிஷத்தை அனுப்பினார். யாரோ ஒருவரின் ரோஜாச் செடி ஆடிக்கொண்டே இருக்கிறது.

கடைசிச் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். “ஏட்டி, டீ ஆறுது, பைய வா.” அது கூவிக் கூப்பிட்ட குரலே இல்லை. லைனிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் பங்களாவுக்குக் கேட்காது. இது பத்தடி தூரத்தில் நின்று மெதுவாகச் சொன்னது. புதுச் சேலையோடு என்னைத் தேடி வளைவு ஏறி வந்து, “இதுதான் எங்க வீடு” என்று நான் சொன்னதைக் கேட்டு, டீயை ஞாபகப்படுத்திவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போயிருக்கிறாள்.

நம்ம வீடு பிடித்திருக்கிறதா என்று அன்று ராத்திரி அவள் என்னைத்தான் கேட்டிருக்கிறாள்.