அறுபத்து நான்கு ஒயர்களும் நன்றாகவே இருந்தன

செவ்வாய்க்கிழமை காலை, நீலாய் ஆய்வுக்கூடத்தில் லேசரைப் போட்டுவிட்டுக் கேமராத் திரையில் புள்ளி விழக் காத்திருந்தேன். கைப்பேசி அடித்தது. செசிலியா அக்காவின் கணவர். "ஒங்க அக்கா போய்ட்டாம்மா. சிரம்பான் ஆஸ்பத்திரியிலதான். நாளைக்குத் தம்பின் ஊர்ல அடக்கம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகைகூட இல்லை, கோபம். என்மேல்தான். சனிக்கிழமை போய்ப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று சனிக்கிழமைகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அக்காவோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவர் கை தெரியும். எங்கள் சிப்புக்குள் நுழையும் லேசர் ஒளி அறுபத்து நான்கு பாதைகளாகப் பிரியும். பாதைக்கு ஒரு குட்டி ஹீட்டர். எந்த ஹீட்டர் எவ்வளவு சுட வேண்டும் என்று நான் எழுதும் பட்டியல்தான், வெளியே வரும் கற்றை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவுசெய்யும். ஒளியைத் திருப்பக் கண்ணாடி எதுவும் சுழலாது. அந்த ஹீட்டர்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய தங்க ஒயர்களைப் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்து ஒட்டியவர் அக்கா. ஒட்டி முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு, கெளம்புங்கப்பா" என்று சிப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்.

அவர் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவர். ஒருமுறை ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த ஒருவருக்கு நான் அலை, கட்டம் என்று விளக்கி அவரைத் தூங்கவே வைத்துவிட்டேன். அக்கா குறுக்கே வந்தார். "வரிசையா நடந்து புல்லு வெட்டுறாங்கன்னு வைங்க. ஒரு ஓரத்துலேருந்து ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பிந்துனா வரிசையே அந்தப் பக்கம் திரும்பிக்கும்லா. வெளிச்சமும் அதேதான்." வந்தவருக்குப் புரிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இப்போது, விருந்தினர்களுக்குச் சிப்பை இயக்கிக் காட்டிய அந்த நாளுக்கு வருகிறேன். விருந்தினர்கள் திரை முன்னால் நிற்க, ஒற்றைப் புள்ளியாக நகர வேண்டிய ஒளி சிதறிச் சாம்பல் பூத்தாற்போல் கிடந்தது. மேலாளர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "ஒயர் விட்டுப்போச்சா?" என்றார். அக்கா சிப்பைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடிக்கடியில் குனிந்துகொண்டார்.

அவர் குனிந்திருந்த நேரத்தில் நான் கண்டுபிடித்துவிட்டேன். முந்தின நாள் வேறொரு சோதனைக்காகச் சிப்பின் சூட்டை ஏற்றியிருந்தேன். பட்டியலை அந்தச் சூட்டிலேயே எழுதிச் சேமித்துவிட்டேன். காலையில் சூட்டைப் பழைய நிலைக்கு இறக்கிய நான், பட்டியலைத் தொடவில்லை. ஒளி சிதறியது அதனால்தான். அக்கா சிப்பைக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் வழக்கமான சூட்டுக்கு எழுதிய பழைய பட்டியலைச் சத்தமில்லாமல் ஏற்றினேன். புள்ளி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். விட்டுப்போன ஒயரை அக்கா சரிசெய்துவிட்டார் என்று மேலாளர் அறிக்கையில் எழுதினார். நான் வாயே திறக்கவில்லை.

மத்தியானம் கேண்டீனில் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சுக்கா."

"ஒரு ஒயர் அறுந்தா வரிசையில ஒரு ஆளுதான் கொறையும், வாசுகி. வரிசை அப்படியேதான் போகும். எல்லாரும் கலைஞ்சு ஓடுறாங்கன்னா மண்டோரு தப்பாச் சொல்லிட்டாருன்னு அர்த்தம்."

வரிசையை ஏவி வேலை வாங்கும் மண்டோர், பட்டியல் எழுதுகிற நான்தான். அது அவருக்கும் தெரியும். தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், பாவி. அக்கா, "சரி விடு. ஒருநாளு நீயே சொல்லுவ" என்று எழுந்து போனார்.

அடுத்த மாதம் அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். "கண்ணு மங்கிடுச்சு போலலா" என்று நம்மில் சிலர் பேசிக்கொண்டோம். அதைக் கேட்டுக்கொண்டு நானும் நின்றேன். பிறகுதான் நோய் வந்தது. அந்தப் பேச்சோடுதான் அவர் போனார்.

அடக்கத்தன்று தம்பின் மாதா கோயிலில் அவர் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அவ சொல்லிட்டாம்மா, எப்பவோ. அந்தப் புள்ளைய நீங்க ஒண்ணும் கேக்காதீங்கன்னு" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்தச் சிப் என்னிடம் இருக்கிறது. இனியும் என்னிடம்தான் இருக்கும். நேற்று பூதக்கண்ணாடிக்கடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அறுபத்து நான்கு ஒயர்களும் அவர் ஒட்டியபடியே இருக்கின்றன. அறிக்கையைத் திருத்தச் சொல்லி மேலாளருக்கு எழுதிவிட்டேன். அக்காவின் கண்ணைக் குறை சொன்ன உங்களுக்கு இதை எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

சொல்லிவிட்டேன், அக்கா.