பையின் அடியில் கிடந்தவை

மெர்ல் ஹாஸ்கின்ஸுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கடவுள்மேல்கூட இருந்ததில்லை. மொன்டானாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே முப்பது வருஷம் டிராக்டர் பழுது பார்த்த கை அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கராஜில் ஒரு மேசையைப் போட்டு, மனைவி லொரீனின் கைத்துப்பாக்கிக்கு, சுட்டு முடித்த காலி உறைகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பும் அவர்தான். அடுத்தவன் நிரப்பிய தோட்டாவைத் தொடாதே என்று புதிதாக வருகிறவர்களை நிற்க வைத்து உபதேசம் செய்வார். கழகத்தின் பழைய ஆள் டெல்பர்ட் போல, கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்கூட, அவர் நிரப்பியதை மட்டும் யோசிக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

போன மாதம் துப்பாக்கிச் சந்தையில் ஒரு பை குண்டு வாங்கினார். ராணுவம் கழித்துவிட்ட தோட்டாக்களைப் பிரித்து, முனையிலிருக்கும் குண்டை மட்டும் உருவி, பை பையாக விற்பார்கள். குண்டின் இடுப்பில் இடுக்கி கடித்த தடம் இருக்கும். மற்றபடி பழுதில்லை, விலையும் மலிவு. ஆனால் வெவ்வேறு எடைக் குண்டுகள் ஒரே பையில் கலந்திருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் எடை போட வேண்டும். மெர்ல் மேலாகப் பத்தை எடுத்துத் தராசில் வைத்தார். பத்தும் ஒரே எடை, நூற்றுப் பதினைந்து கிரெய்ன். போதும் என்று விட்டுவிட்டார். கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகியிருந்தது. டாக்டரிடம் போகச் சொன்னால் எரிந்து விழுவார்.

சனிக்கிழமை காலை லொரீன் இரண்டு பெட்டித் தோட்டாவோடு துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கிளம்பினாள்.

"முட்டி வலின்னா வீட்லயே கெட. மான்கறிய அடுப்புல ஏத்து, நான் ஜெயிச்சிட்டு வர்றேன்."

"மொதல்ல குறிபாத்துச் சுடு, அப்பறம் ஜெயிக்கலாம்."

அவள் போனபின் மேசையைத் துடைக்கும்போது, பையில் மிஞ்சிய குண்டுகளைக் கொட்டினார். நாலைந்து நிமிர்ந்து நின்றன. இரண்டு மட்டும் உயரமாகத் தெரிந்தன. எடுத்துத் தடவிப் பார்த்தார். தராசில் வைத்தார். நூற்று நாற்பத்தேழு.

 இலேசான குண்டுக்கென்று அளந்த மருந்தின்மேல் கனத்த குண்டை வைத்தால், அது உள்ளே ஆழமாக இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். வெடிக்கும்போது துப்பாக்கி கையிலேயே பிளக்கலாம். வெளிப்பார்வைக்கு எல்லாத் தோட்டாவும் ஒரே உயரம்தான். பையின் அடியில் கிடந்தவை கடைசியாக நிரப்பியவை. அவற்றில் இன்னும் சில கனத்தவை இருந்திருந்தால், அவை போனது இரண்டாவது பெட்டிக்கு.

போன் போட்டார். மைதானம் குன்றுகளுக்கு இடையே பள்ளத்தில் இருக்கிறது. அங்கே எந்தப் போனுக்கும் சிக்னல் கிடைக்காது. வண்டியைக் கிளப்பினார். பதினான்கு மைல் சரளைப் பாதை. லொரீனின் கை கண்முன்னே வந்து வந்து போனது. இந்நேரம் முதல் பெட்டி முடிந்திருக்குமா, முடிந்திருக்காதா?

குன்றை நெருங்கியதும் வண்டிக் கண்ணாடியை இறக்கினார். சுடும் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க உயிர் வந்தது. இதுவரை எதுவும் ஆகவில்லை. பிறகு சத்தம் நின்றது. அந்த அமைதி வேட்டுச் சத்தத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

லொரீன் இலக்குத் தாளின் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழுசாக இருந்தன. 

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ரெண்டாவது பெட்டி எங்க? தொட்டியா?"

"நான் தொடல. டெல்பர்ட் தோட்டா பத்தலன்னாரு, குடுத்துட்டேன். சொந்தத் தம்பி நிரப்பினதையே சுடமாட்டாரு, உன்னுதுன்னதும் பல்லக் காட்டிட்டு வாங்கிக்கிட்டாரு."

"எங்க அவன்?"

அவள் மண்மேட்டுக்கு அந்தப்பக்கம் கை காட்டினாள். அங்கே வரிசையாகச் சுட ஆரம்பித்திருந்தார்கள்.

"நிறுத்துங்க!" மெர்ல் முட்டியை மறந்து ஓடினார். "எல்லாரும் நிறுத்துங்க!" மைதானத்தில் யார் அப்படிக் கத்தினாலும் அத்தனை பேரும் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் காதை மூடிக்கொண்டு நிற்பவர்களுக்கு, மேட்டைச் சுற்றி வரும் கிழவனின் குரல் எப்படி எட்டும்? மூன்று வேட்டுகள் ஒரே மாதிரி கேட்டன. நான்காவது வேறு மாதிரி கேட்டது.

டெல்பர்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி கண்களைக் காப்பாற்றியிருந்தது. துப்பாக்கியின் கைப்பிடி பிளந்து கிடந்தது. வலது கையில் ஒரு விரல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. யாரோ ஆம்புலன்ஸ் அழைக்கக் குன்றின் மேல் ஓடினார்கள். மெர்ல் மண்டியிட்டுத் தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தார்.

"மெர்ல், வந்துட்டியாப்பா." டெல்பர்டின் உதடு வெளுத்திருந்தது. "துப்பாக்கிய நீயே பாரு. குழல்லதான் ஏதோ கோளாறு. தோட்டா உன்னுது, அதுல தப்பு வராது."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லொரீன் மட்டும் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் முடிந்தது. நினைத்ததும் அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"துப்பாக்கில ஒண்ணும் இல்ல, டெல்பர்ட்," என்றார்.  "குண்டு கலந்திருந்துச்சு. நான் எடை போடல."

 டெல்பர்ட், வலியோடு வலியாக, தன் கையை மெர்லின் பிடியிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்.