சாமளாபுரம் போன ஆயில் இஞ்சின்

சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சேவல்கட்டு. எனக்கும் பல்லடம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கும் ஆயில் இஞ்சின். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் மெஷின் ஃபிட்டர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தையெல்லாம் கழற்றிப் பார்த்துத்தான் படித்தேன். அவருக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது, என்னைப்போலவே இரும்பைக் கண்டால் சும்மா இருக்காத கையும் இருந்தது. உறவு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவர் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்த பிறகுதான் எங்கள் பைத்தியம் முற்றியது. தண்ணீர் இறைக்க இஞ்சின் தேவையில்லை. ஆனால் எங்களுக்கு இஞ்சின் வேண்டும். இரண்டு பேரும் பாதிப் பாதிப் பணம் போட்டுச் சீமையிலிருந்து பழைய இஞ்சின் ஒன்றைத் தருவிப்பது என்று துணிந்தோம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கடிதம் எழுதியவன் நான். இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பித்தவர் அவர். பொழுதுபோக்குக்கு என்று எழுதினால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? விவசாயக் கிணற்றுக்கு என்று எழுதினோம். கிணறு அவருடையது, ஆகவே காகிதமெல்லாம் அவர் பேரில். அதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

வருஷம் ஒன்றுக்குமேல் காக்க வைத்துவிட்டு, கொச்சியில் இறங்கி லாரியில் வந்து சேர்ந்தது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் வண்டிச்சக்கரம் மாதிரி ஃப்ளைவீல். அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இதையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமில்லீங்க? எங்களை எதுக்குங்க கட்டுனீங்க?"

கிராங்கைப் பிடித்திருக்கும் பெரிய பேரிங் தேய்ந்து போயிருந்தது. புதிதாக ஈயக்கலவை வார்த்து வாங்கி வந்து, நான் சுரண்ட உட்கார்ந்தேன். கிராங்கில் நீல மை தடவிப் பூட்டிச் சுற்ற வேண்டும். கழற்றி, மை ஒட்டின மேட்டை மட்டும் பூப்போலச் சுரண்ட வேண்டும். மறுபடி பூட்ட வேண்டும். எட்டு ஞாயிற்றுக்கிழமை அதுதான் வேலை. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரில் சின்ன பின் ஒன்று இல்லை. பின்னல் மெஷின் ஊசி ஒன்றை வளைத்து அதில் மாட்டினேன். ஃபிட்டர் புத்தி வேறு எப்படிப் போகும்?

ஃப்ளைவீலுக்குக் குங்குமம் வைத்து ஹேண்டிலைச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு டப். பிறகு நிற்கவே இல்லை. அன்றைக்கு அவர் குருடாயில் கையோடு என்னைக் கட்டிக்கொண்டதில் என் வெள்ளைச் சட்டை போயிற்று. கம்பெனி எதிரே இருக்கும் எங்கள் டீக்கடைக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இது இஞ்சினுங்களா, கல்யாண மேளமுங்களா? தண்ணியும் எறைக்கலை, மாவும் அரைக்கலை, சும்மாவே வாசிக்குதுங்க" என்றார்.

அப்படி ஒரு வருஷம் வாசித்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் கம்பெனி கேட்டுக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மாப்ளே, போச்சுங்க. நீங்க சொரண்டுன பேரிங் சூடேறிப் புடிச்சுக்கிச்சு. கிராங்கு முறிஞ்சு பிளாக்கே பொளந்துருச்சுங்க. கண்ணுல பாக்க முடியாம பழைய இரும்புக்காரன்கிட்ட அள்ளிக் குடுத்துட்டனுங்க."

உடைந்த துண்டையாவது காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில், மாடு செத்துப்போச்சு என்று ஒருவர் சொன்னால், எங்கே காட்டுங்க என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. "நான்தாங்க கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டீக்கடையிலும் அவர் சொல்லி வைத்தார். "மாப்ளே தொட்டா இரும்பே வாயைப் பொளந்துருமுங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார். அதுவே எனக்குப் பட்டப்பேர் மாதிரி ஆகிவிட்டது. நானும் கூடச் சிரித்தேன். ஆனால் அதன்பிறகு எந்த இஞ்சினையும் தொடவில்லை. கம்பெனியில் ஒரு நட்டை இறுக்கினால்கூட மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். "ஏனுங்க, மெஷினுக்கு மந்திரிக்கிறீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

அந்த வருஷமே அவர் மகளைச் சாமளாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார். கல்யாணம் பல்லடத்தில் நடந்தது. பந்தியில் நான்தான் நின்று பரிமாறினேன். பெண் வாழப்போன வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போது சொன்னாலும், "அடுத்த வாரம் சேந்தே போலாமுங்க மாப்ளே" என்பார். அந்த அடுத்த வாரம் இரண்டு வருஷமாக வரவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்து, தாய்வீட்டிலிருந்து அவள் சாமளாபுரம் திரும்பியபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியுமாக பஸ் ஏறிப் போனோம்.

அவள் மாமனார் நல்ல மனிதர். காபி குடித்து முடிப்பதற்குள், "வாங்க, உங்க ஊரு சீரைப் பாருங்க" என்று பின்னால் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கரண்ட் பத்தாத காலம் அது. இஞ்சின்தான் தறி ஓட்டிக்கொண்டிருந்தது. புதிதாகப் பச்சைப் பெயின்ட். வேகம் மட்டும் ஏறி இறங்கி ஆடியது.

"எங்க சம்பந்தி தன் கையாலயே பண்ணுனதுங்க. மாப்பிள்ளைக்குச் சீரா இதைத்தான் கேட்டோம். இப்பத்தான் கொஞ்சம் ஆடுதுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். கவர்னரில் பின்னல் ஊசி. தேய்ந்து லொடலொடத்துப்போய் அதே இடத்தில் இருந்தது. பேரிங் மூடியின்மேல் கையை வைத்தேன். உள்ளே ஒரு தட்டல் இல்லை, ஒரு சூடு இல்லை. என் பேரிங் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சுகமாக இருந்தது.

சட்டைப்பையில் தீப்பெட்டிக்குள் எப்போதும் நாலு ஊசி வைத்திருப்பேன். இஞ்சினை நிறுத்தி, ஒன்றை வளைத்து மாட்டினேன். ஆட்டம் நின்றது. இரண்டு வருஷத்துக்கப்புறம் மூன்று தடவை தொட்டுப் பார்க்காமல் ஒரு வேலை செய்தேன். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் குழந்தையோடு வந்து நின்றாள்.

"மாமா, உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் அனுப்புனேன்னு அப்பா சொன்னாருங்க. நீங்க சந்தோசமாக் குடுத்தீங்களாம்."

"ஆமா கண்ணு" என்றேன்.

மறுநாள் நேரே தோட்டத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பையன் ஊட்டுல இஞ்சினைக் கேட்டுப்போட்டாங்க மாப்ளே. இல்லீன்னா சம்பந்தம் நின்னுருமுங்க."

"என்னைக் கேட்டிருந்தா நானே லாரியில ஏத்தி விட்டிருப்பனுங்களே. பேரிங் மேல ஏனுங்க பழி போட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சும்மா ஒடைஞ்சுதுன்னா, சரி பண்றேன்னு நீங்க ஓடியாந்துருவீங்க. உங்க வேலையிலதான் போச்சுன்னு சொன்னாத்தான் பக்கத்துல வர மாட்டீங்க."

இஞ்சின் போனது அப்போது எனக்கு ஒன்றுமாகத் தெரியவில்லை. என்னை இத்தனை துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிற ஒரே மனிதர், அந்தத் தெரிந்ததைக்கொண்டே என்னை அடித்திருக்கிறார்.

"இஞ்சின் அங்கயே இருக்கட்டுங்க. நான் கெடுக்கலைன்னு அந்த டீக்கடையில ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்" என்றேன். சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

சந்தை நாளன்று, நான் இருக்கும்போதே டீக்கடைக்கு வந்தார். கடை நிறையக் கூட்டம். டீயை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "அந்த இஞ்சினு ஓடுதுங்க. பழைய இரும்புக்காரன்கிட்டத் திருப்பி வாங்கி, மாப்ளே கெடுத்ததை நானே ஒட்டவெச்சு, சம்பந்தி ஊட்டுக்குச் சீராவே குடுத்துட்டனுங்க."

கடைக்காரர் கரண்டியால் பாய்லரைத் தட்டினார். ஒருவர் என் முதுகில் கை வைத்து, "பாத்தீங்களா, நீங்க பொளந்ததை உங்க மாப்ளே ஒட்டவெச்சுட்டாரு!" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் அடுத்த பஸ்ஸிலேயே செய்தி சாமளாபுரம் போய்விடும். அடுத்தவன் பொருளையா உங்கப்பன் சீராகக் கொடுத்தான் என்று குழந்தையோடு நிற்கிற அவளை அந்த வீட்டார் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல், தட்டிலிருந்து இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.