நாற்பது பிரதிகளும் ஒரு ரப்பரும்

1. வேண்டாம், ஓடு, சொல்லு

குழந்தைகளுக்கான புத்தகங்களைப் பள்ளிப் பள்ளியாகக் கொண்டுபோய்க் காட்டும் வேலையைப் பதினெட்டு வருடம் பார்த்தேன். விசிட்டிங் கார்டில் ‘ஃபீல்டு ரெப்ரசன்டேடிவ்’ என்று போட்டிருக்கும். பள்ளி வாட்ச்மேன்களுக்கு நான் ‘புக்கு மேடம்’. போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஃபோன் செய்து டிப்ஸ் கேட்கிறார்கள். என்னிடம் கைவசம் இருப்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது சிரிப்பதற்கு. இரண்டாவது அப்படி இல்லை.

கதைப் புத்தகமும் கலரிங் புத்தகமும் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பதிப்பகம், ஒரு வருடம் திடீரென்று ‘சேஃப்டி புக்’ போட்டது. யார் தொடலாம், யார் தொடக்கூடாது, யாராவது சீண்டினால், மிரட்டினால், ஒதுக்கிவைத்தால் என்ன செய்வது என்று மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம். அதில் பெரிய எழுத்தில் மூன்று படிகள் இருக்கும். ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல். அங்கிருந்து ஓடு. நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லு.

இதன் முதல் டெமோ எங்கள் காட்டூரிலேயே ஒரு பள்ளியில். தெரிந்த ஏரியா, தைரியமாகப் போனேன். மூன்றாம் வகுப்பு. நாற்பத்தைந்து பிள்ளைகள். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்லுங்க பார்ப்போம், வேண்டாம்!” என்றேன். கூரை அதிரும்படி கத்தினார்கள். எனக்கு ஒரே பெருமை. “அடுத்து என்ன செய்யணும்? ஓடணும்!” என்றேன்.

ஓடிவிட்டார்கள். பாதி வகுப்பு வாசல் வழியாக கிரவுண்டுக்கு. பி.டி. மாஸ்டர் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்துக் கம்போடு வந்தார். பிள்ளைகள் அத்தோடு நிற்கவில்லை. மூன்றாவது படியையும் ஒழுங்காகச் செய்தார்கள். நேரே ஹெட்மாஸ்டரிடம் போய், “சார், யாரோ ஒரு ஆன்ட்டி வந்து எங்களைக் கத்தச் சொல்றாங்க” என்று என்னையே மாட்டிவிட்டார்கள். புத்தகம் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு பிரதிகூடப் போகவில்லை.

2. ஸ்பெசிமன் காப்பி

பள்ளிகளில் காட்டுவதற்கென்றே என்னிடம் ஸ்பெசிமன் காப்பி நாற்பது இருந்தது. வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்து, பென்சிலால் எழுதவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வேன். வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதியதை எல்லாம் ரப்பரால் அழித்துவிட்டு, மறுநாள் அடுத்த பள்ளிக்கு அதே நாற்பதைக் கொண்டுபோவேன். இது எங்கள் மேனேஜர் சபாபதி சாரின் ஏற்பாடு. “மேடம், புதுசு மாதிரி இருக்கணும். போன ஸ்கூல் பசங்க எழுதினது இந்த ஸ்கூல்ல தெரியக் கூடாது” என்பார்.

அழிப்பதில் நான் கைதேர்ந்தவள் ஆனேன். வெள்ளை ரப்பர்தான் நல்லது, ரோஸ் ரப்பர் காகிதத்தைக் கீறும். ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் காகிதம் நைந்துவிடும். தூசியைக் கையால் துடைக்கக் கூடாது, பெயின்டிங் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் சபாபதி சார் என் பிரதிகளைத் தூக்கிக் காட்டி, “இதான் வேலை” என்று மற்ற ரெப்களுக்குச் சொன்னதுண்டு. எனக்கு ஒரு சுற்று பெருத்துவிட்ட மாதிரி இருந்தது.

புத்தகத்தில் இருபத்திரண்டாம் பக்கம் முக்கியமானது. வெறும் கோடுகள் போட்ட பக்கம். மேலே, ‘உன்னை யாராவது கஷ்டப்படுத்துகிறார்களா? இங்கே எழுது’ என்று இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் நான் குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வசனம் சொல்வேன். “பேர் எழுத வேணாம் கண்ணுங்களா. மனசுல இருக்கிறதை எழுதுங்க. நான் படிக்கிறேன்.” டீச்சர்கள் நெகிழ்ந்துபோவார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று நான் சொன்னதற்கு உண்மையான காரணம், அழிக்கிற வேலை ஒரு வரி குறையும் என்பது. படிக்கிறேன் என்று சொன்னதற்குக் காரணமே கிடையாது. எத்தனையோ பள்ளிகளில் அதைச் சொன்னேன். ஒரு நாளும் படித்ததில்லை.

3. ஒன்றாம் நம்பர் பஸ்

இது நடந்து ஆறேழு வருடம் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு டெமோ. நன்றாகவே போனது, யாரும் ஓடவில்லை. மத்தியானம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறுநாள் மண்ணச்சநல்லூரில் டெமோ இருந்ததால், பஸ்ஸிலேயே பையை மடியில் வைத்து அழிக்க ஆரம்பித்தேன். கண்டக்டர், “மேடம், ரப்பர் தூசியை சீட்டுல தட்டாதீங்க, நாங்கதான் கூட்டணும்” என்று சத்தம் போட்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிரதியில் இருபத்திரண்டாம் பக்கம் முழுக்க எழுத்து. இவ்வளவு எழுதியிருக்கிறதே, கை வலிக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. மேலிருந்து இழுத்துக்கொண்டே வந்தேன். கடைசி இரண்டு வரிக்கு வரும்போது பஸ் பிரேக் போட்டது. ரப்பர் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த இரண்டு வரியும் கண்ணில் பட்டன.

‘இதை யார்கிட்டயும் சொல்லல. நீங்க படிப்பேன்னு சொன்னதால உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.’

பக்கத்தின் மேல்பாதியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இதான் வேலை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அழுத்தி எழுதுகிற பிள்ளை. காகிதத்தில் பள்ளம் விழுந்திருந்தது. பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தேன். பக்கம் கறுத்தது, பள்ளங்கள் மட்டும் வெள்ளையாக நின்றன. நான் அழித்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

‘வேன்ல கடைசி சீட்டுல ரெண்டு அக்கா என்னை நடுவுல உட்கார வெச்சுக்குவாங்க. என் லஞ்சை வெளில கொட்டுவாங்க. ஊமைன்னு கூப்பிடுவாங்க. சொன்னா பாலத்துல இறக்கி விட்டுட்டுப் போயிடுவோம்னு சொல்றாங்க. தினமும் எனக்கு வயித்தை வலிக்குது.’

அங்கேயே உட்கார்ந்து சபாபதி சாருக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பசங்க விளையாட்டா எழுதியிருக்கும் மேடம். மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு மண்ணச்சநல்லூர் டெமோவை விட்றாதீங்க” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து மீதிப் பிரதிகளையும் அழித்தேன். இந்த முறை படித்துவிட்டு அழித்தேன்.

மறுநாள் காலை காட்டூர் ஸ்டாப்பில் நின்றபோது ஒரு ஸ்கூல் வேன் வந்து நின்றது. ஒரு சின்னப் பெண் ஏறினாள். அம்மா டாட்டா காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சத்திரத்தில் இறங்கி நான் மண்ணச்சநல்லூர் பஸ்ஸைத் தேடவில்லை.

4. படிச்சுட்டா, படிக்காமயா?

ஸ்ரீரங்கம் பள்ளியின் ஹெச்.எம். மேடம், நான் நீட்டிய கறுத்த பக்கத்தைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ரங்கன் புண்ணியத்துல எங்க ஸ்கூல்ல இந்த மாதிரி எதுவும் கிடையாது. சரி, அந்தக் குழந்தை எழுதினது எங்க?”

“நான் அழிச்சுட்டேங்க.”

“அழிச்சுட்டீங்களா? அப்போ இது?”

“அழிச்சதுக்கு மேல நானே பென்சிலால தேய்ச்சேன்.”

“பேரு?”

“பேர் எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

நியாயமாக என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். அதற்கு முன்னால் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டார். ரெஜினா மிஸ் வந்தார். முப்பது வயது இருக்கும். பக்கத்தை வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தார். “பாலத்தைத் தாண்டிப் போற வேன் ரெண்டு இருக்கு மேடம். என் கிளாஸ்ல இருந்து பதினோரு பேர் போறாங்க” என்றார்.

நான் கெட்டிக்காரத்தனமாக, “நோட்டை எல்லாம் வாங்கிக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தா கண்டுபிடிச்சிடலாம்” என்றேன்.

“வேணாங்க” என்றார் ரெஜினா மிஸ். “கையெழுத்தை வெச்சுப் பிடிச்சா, மாட்டிக்கிட்டோம்னுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். அதுவா வரணும். நீங்க கிளாஸுக்கு வந்து, நீங்க செஞ்சதைச் சொல்லுங்க.”

முப்பத்தாறு பிள்ளைகள் முன்னால் நின்றேன். அத்தனை வருடத்தில் மனப்பாடம் செய்யாமல் நான் பேசிய முதல் டெமோ அதுதான். “நேத்து நீங்க எழுதினதைப் படிக்கிறேன்னு சொன்னேன். படிக்கல. ரப்பர் போட்டு அழிச்சுட்டேன். அது என் தப்பு. யாருக்காவது திரும்பச் சொல்லணும்னா, நான் ஸ்டாஃப் ரூம்ல இருப்பேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.”

வந்தார்கள். வரிசை கட்டி வந்தார்கள். “மிஸ், இவன் என் பென்சிலைக் கடிச்சுட்டான்.” “மிஸ், எங்க தம்பி என் பேரைச் சொல்லிக் கூப்பிடறான், அக்கான்னு கூப்பிட மாட்டேங்கிறான்.” ஒருவன் பக்கத்து வீட்டு நாய்மேல் புகார் கொடுத்தான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினேழு புகார். பாலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

லஞ்ச் பெல் அடித்தது. பிறகு ஒவ்வொரு பீரியடாகப் போனது. வேன் நாலு மணிக்குக் கிளம்பும். அந்தப் பிள்ளை இன்றைக்கும் கடைசி சீட்டில் நடுவில் போய் உட்கார வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் எழுதாதே என்ற என் விதி உருப்படியாகப் பயன்படுவது இந்த ஓர் இடத்தில்தான்.

“மிஸ், படிச்சுட்டு அழிச்சீங்களா, படிக்காம அழிச்சீங்களா?”

எது குறைந்த குற்றம் என்று யோசித்தேன். தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். “படிக்காமதாம்மா. அப்புறமாத்தான் படிச்சேன்.”

“அப்ப பரவால்ல” என்றாள். “படிச்சுட்டு, இது பொய்யுன்னு அழிச்சுட்டீங்களோன்னு நினைச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. புகார் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து தன் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினாள். சேஃப்டி புக்கில் இதற்கெல்லாம் படி எதுவும் போட்டிருக்கவில்லை.

அன்றைக்கு ரெஜினா மிஸ் அந்த வேனில் ஏறினார். கடைசி சீட்டில், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில், பாலத்தைத் தாண்டும் வரை உட்கார்ந்து போனார். மறுநாள் ஹெச்.எம். மேடம் ஏழாம் வகுப்புப் பெண்கள் இருவரின் பெற்றோரையும் வரவழைத்தார். இரண்டு வேனுக்கும் ஆயாம்மா போட்டார். ‘எங்க ஸ்கூல்ல கிடையாது’ என்று சொன்ன அதே வாயால், பிரேயரில் எல்லாப் பிள்ளைகளிடமும், “வேன்ல யாருக்காவது கஷ்டம்னா நேரா என் ரூமுக்கு வாங்கோ” என்றார்.

மண்ணச்சநல்லூர் டெமோவைத் தவறவிட்டதற்கு சபாபதி சார் எனக்கு மெமோ கொடுத்தார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதினெட்டு வருட சர்வீஸில் நான் வாங்கிய ஒரே சர்டிஃபிகேட் அதுதான்.

5. பேனா

டிப்ஸ் கேட்ட பிள்ளைகளுக்கு. எழுதச் சொன்னால் படியுங்கள். படிக்க நேரம் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போங்கள், எழுதச் சொல்லாதீர்கள். படித்த பிறகு, அந்த வகுப்புக்கு யார் டீச்சரோ அவரிடம் சொல்லாமல் பள்ளியைவிட்டு வெளியே வராதீர்கள். டெமோ நடத்த ஆயிரம் நுணுக்கம் இருக்கிறது, அதெல்லாம் தானாக வந்துவிடும்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்து ஸ்ரீரங்கம் பள்ளியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அதே நான்காம் வகுப்பு. பழக்க தோஷத்தில் பென்சில் டப்பாவைத் திறந்து விநியோகிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பெஞ்சில் அவள் வாங்கவில்லை.

“பென்சில் வேணாம் மிஸ். பேனா குடுங்க.”

சபாபதி சார் முகம் ஒரு நொடி வந்துபோனது. ஹேண்ட்பேக்கிலிருந்து என் பால்பாயின்ட் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து வழக்கம்போல அழுத்தி எழுதினாள். நாலு பக்கத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடவில்லை. அப்படியே என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கிறேனா என்று பார்க்கிறாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் முன்னாலேயே வாய்விட்டுப் படித்தேன்.

‘இப்ப வேன்ல எனக்கு ஜன்னல் சீட்டு.’