கால் மணி நேர ஒப்பந்தம்

சிவராமனுக்கு இந்தப் பூமியில் ஒரே ஒரு இடத்தில்தான் மரியாதை இருந்தது. அது சென்னீர்குப்பத்து ஃபிளாட்டில் இல்லை. கேஸ் சிலிண்டர் தூக்க மட்டும்தான் மனைவி சுதா அவரைத் தேடுவாள். அம்பத்தூர் ஆபீஸிலும் இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவருக்கே மேலதிகாரி ஆகிவிட்டார்கள். 'சிட்டாடல்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் மட்டும் அவர் ராஜா. கோட்டை கட்டி, படை திரட்டி, ஆன்லைனில் இன்னொருவரோடு மோத வேண்டும்.

ராஜா என்றால் என்ன, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த விளையாட்டில் ஒரு கோளாறு இருந்தது. எடுத்த எடுப்பிலேயே சண்டை மூண்டால் இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகாமல் இணைப்பு அறுந்துவிடும், வெற்றி பதிவாகாது. வெறுத்துப்போய் ஆடியவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். மிஞ்சியது சிவராமனும், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற டாங்கி ஃபேக்டரிக்காரர் உலகநாதனும்தான்.

இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதல் கால் மணி நேரம் ஒருவர் எல்லையை மற்றவர் மிதிக்கக் கூடாது. அந்த அவகாசத்தில் சிவராமன் மூன்றடுக்கு மதில் எழுப்பிவிடுவார். பிறகு உலகநாதன் முட்டி மோதித் தோற்பார். "உன் மதில இடிக்க எங்க ஃபேக்டரி டாங்கிதான் வரணும் நைனா" என்று போனில் சிரிப்பார். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. அந்தச் சிரிப்பை நட்பு என்று சிவராமன் நம்பினார். பாவம், நம்புவதற்கு அவருக்கு வேறு ஆளும் இல்லை.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஒரே ஒரு குடிமகனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ராஜாவாக இருப்பது? கோளாறைச் சரிசெய்யச் சொல்லி விளையாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு விடாமல் எழுதினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்த வருஷம் கம்பெனி 'பேட்ச்' என்கிற திருத்தத்தை வெளியிட்டது. கோளாறு தீர்ந்தது. போன கூட்டமெல்லாம் திரும்பி வந்தது.

வந்தவர்களில் அதே அபார்ட்மெண்ட்டின் மூன்றாவது மாடி கௌதமும் ஒருவன். தரவரிசையில் முதல் பெயர் நம்ம சி பிளாக் அங்கிளுடையது என்று கண்டுபிடித்து ஊரெல்லாம் சொன்னான். அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவில் பெரிய திரை கட்டி ஓர் ஆட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. எதிராளி யார் என்று கேட்டதும் சிவராமன் யோசிக்கவே இல்லை. உலகநாதன். தெரிந்த ஆள், தோற்கிற ஆள்.

பரிசு கொடுக்கச் சுதாவையே கேட்டிருந்தார்கள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் ஜெயிப்பதைப் பார்க்க அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சிவராமனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

உலகநாதனும் நேரில் வந்து பக்கத்து மேஜையில் உட்கார, ஆட்டம் தொடங்கியது. அவர் மதிலுக்கு அஸ்திவாரம் போட்டபடியே கூட்டத்துக்கு விளக்கமும் சொன்னார். காவலுக்கு ஒரு சிப்பாயைக்கூட நிறுத்தவில்லை. ஒப்பந்த நேரத்தில் யார் காவல் போடுவார்கள்? அப்போதுதான் உலகநாதனின் சிவப்புக் கொடிப் படை திறந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. வழி தவறி வந்துவிட்டது என்றே நினைத்தார்.

"அண்ணே, இன்னும் நேரம் ஆகல" என்றார் பக்கத்து மேஜையைப் பார்த்து.

உலகநாதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் பேட்ச் வந்துச்சில்ல நைனா. இனிமே லைன் புட்டுக்காது. அப்பால இன்னாத்துக்கு ஒப்பந்தம்?"

"நாம பேசி வச்சதுண்ணே..."

"லைன் புட்டுக்கும்னுதானே பேசி வச்சோம். இல்லாங்காட்டி உன்னிய என்னிக்கோ முடிச்சிருப்பேன்."

கோட்டை எரிந்தது. "அங்கிள், இவ்ளோதானா?" என்று கௌதம் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். சுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பொத்தவும் இல்லை. பரிசு ஹாட்பாக்ஸை உலகநாதன் கையில் கொடுத்து, "ரொம்ப நல்லா ஆடுனீங்க" என்றாள். சிவராமனிடம் அவள் அந்தக் குரலில் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம், வெட்கத்தை விட்டு, சிவராமன் வழக்கம்போல உலகநாதனை ஆட்டத்துக்கு அழைத்தார். பழைய ஒப்பந்தப்படியே ஆடலாம் என்றும் சேர்த்து எழுதினார். பதில் உடனே வந்தது. "டோர்னமெண்ட் கீது நைனா. உன்னோட ஆடுனா கை கெட்டுப்பூடும்."

சுதா சோபாவில் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை எரிகிற வீடியோவுக்குக் கீழே, பேட்சோடு கம்பெனி வெளியிட்ட நன்றி அறிவிப்பைக் கௌதம் போட்டிருந்தான்.

"என்னங்க" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இந்தக் கோளாறை விடாம எழுதி எழுதிச் சரிபண்ண வச்சதுக்கு நன்றின்னு உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்காங்க."

சிவராமன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டார்.